பன்றியின் உடலில் ஓர் இரும்புக் குண்டு

காட்டுப்பன்றி உருவில் ஒரு மலைத்தெய்வம் வெறிபிடித்து ஓடி வருகிறது. உடலெங்கும் புழுக்கள் போல ஏதோ நெளிகின்றன. அதைக் கொன்று ஊரைக் காத்த அஷிதாகா என்ற இளைஞனின் கையில் சாபம் தழும்பாக ஏறிவிடுகிறது. பன்றியின் உடலில் கிடைத்த இரும்புக் குண்டு ஒன்றை ஊர் மூதாட்டி அவன் முன்னால் எடுத்து வைக்கிறாள். எலும்பை நொறுக்கி, சதையை அழுகவைத்த குண்டு அது. ஜப்பானிய இயக்குநர் ஹயாவோ மியாசாகியின் ‘இளவரசி மோனோனோகே’ (1997) என்ற அசைவூட்டப் படம் இப்படித்தான் தொடங்குகிறது.

ஆலைத் தொழிலைக் கண்டிக்கும் மாயக்கதைகள் பலவற்றில், புகை எழும் இடத்தில் ஒரு கொடியவன் இருப்பான். அவன் வீழ்ந்தால் காடு பிழைக்கும். எனக்கு அது போதுவதில்லை. மியாசாகியின் படம் மனத்தைவிட்டு அகலாததற்குக் காரணம், அதன் நடுவில் இருக்கும், அந்தக் குண்டு பிறந்த இரும்பு உலை உண்மையானது என்பதே.

அந்த உலைக்கு ஜப்பானில் ‘தத்தரா’ என்று பெயர். தொட்டி போன்ற களிமண் உலைக்குள் கரியையும் இரும்பு மணலையும் மாறி மாறிக் கொட்டுவார்கள். துருத்திக் காற்றில் கரி எரியும்போது எழும் கார்பன் மோனாக்சைடு, மணலிலுள்ள ஆக்சிஜனைப் பறித்துக்கொள்ள, இரும்பு பிரிகிறது. உலைச்சுவரும் சும்மா இருப்பதில்லை. அதன் களிமண் உருகி, மணலின் அழுக்கோடு சேர்ந்து கசடாக வழிகிறது. சுவர் உள்ளிருந்து கரைந்து மெலிகிறது. மூன்று நாள் இரவு பகலாக எரித்தபின் உலையையே உடைத்துத்தான் அடியில் கிடக்கும் இரும்புப் பாளத்தை எடுக்க முடியும். அடுத்த முறைக்குப் புது உலை கட்ட வேண்டும்.

கணக்கைப் பாருங்கள். இரண்டரை டன் பாளத்துக்குச் சுமார் 10 டன் மணலும் அதே அளவோ சற்று அதிகமாகவோ கரியும் தேவை. விறகில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு எடைதான் கரியாக மிஞ்சும். அப்படியானால் ஒரு பாளத்துக்கு ஐம்பது டன்னுக்கு மேல் மரம். பிற்காலத்தில் மணலுக்காக மலைகளையே வெட்டி நீரில் கரைத்தார்கள். அந்த மண் ஆற்றுப்படுகைகளை உயர்த்தியது. மேற்கு ஜப்பானின் உலை முதலாளிகள் முப்பது ஆண்டுச் சுழற்சியில் காட்டை வெட்டி மீண்டும் வளரவிட்டதும் உண்டு என்பதைச் சொல்லாமல் விடுவது நியாயமில்லை. ஆனால் கரைந்துபோன மலை வளர்வதில்லை.

இரும்பை விற்று அரிசி வாங்கும் சந்தையில் இந்தச் செலவுக்கு விலை இல்லை. இரும்பின் விலையில் ஏறாத அந்தக் கடனுக்குப் படம் ஓர் உடல் கொடுக்கிறது: அதுதான் அந்தப் பன்றி. சாபம் குண்டை வார்த்தவர்களிடம் போகாமல், அவர்களை அறியாத தொலைதூரத்து இளைஞனின் கையில் வந்து ஒட்டுகிறது. ஆலைக்கழிவும் அப்படித்தானே, கீழே ஆற்றோரம் இருப்பவனைத் தேடிப் போகிறது?

உலையின் தலைவி எபோஷியை வெறுத்துவிட்டால் வேலை எளிது. ஆனால் விலைமாதர் விடுதிகளிலிருந்து அவள் மீட்ட பெண்கள்தான் சிரித்துப் பாடியபடி துருத்தி மிதிக்கிறார்கள். தொழுநோயாளிகளின் கட்டுகளை அவளே மாற்றுகிறாள். அவர்கள் அவளுக்காகத் துப்பாக்கி செய்கிறார்கள். விடுதலையும் அழிவும் ஒரே உலையில் உருகுகின்றன. இந்த முடிச்சை அவிழ்க்காமல் விட்டதைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன்.

இறுதியில் வனதெய்வமும் உலைக்கூடமும் அழிந்தபின், மொட்டை மலைகளில் பசுமை படர்கிறது. ஓநாய்கள் வளர்த்த பெண் சான் அதைப் பார்த்து, காடு உயிர்த்தாலும் இது இனி வனதெய்வத்தின் காடு இல்லை என்கிறாள். அஷிதாகா உலைக்கூடத்தை மீண்டும் கட்ட அங்கேயே தங்குகிறான். அவள் காட்டுக்குத் திரும்பிவிடுகிறாள்.