வில்லங்கத்தில் வராத வழக்கு: கோர்ட் ஆவணத்தைத் தேடுவதும் நகல் வாங்குவதும்

எந்த ஊர் கோர்ட்டாக இருந்தாலும் நகல் பிரிவு ஜன்னலில் முதலில் கேட்பது, “நம்பர் என்ன?” என்பதுதான். சொத்து எங்கே இருக்கிறது, யாருக்கும் யாருக்கும் தகராறு, எத்தனை வருஷமாக இழுக்கிறது என்பதையெல்லாம் அங்கே சொல்லிப் பயனில்லை. எந்தக் கோர்ட், என்ன நம்பர், எந்த வருஷம் என்ற மூன்றையும் சொன்னால் வழக்குத் தாள்களின் கட்டு வெளியே வரும். சொல்லத் தெரியாவிட்டால் வராது.

இது எனக்கு உறைத்தது எங்கள் சித்தப்பா மனை வாங்கிய கதையில். ஊருக்கு வெளியே ஏழு சென்ட். முப்பது வருஷத்துக்கு வில்லங்கம் போட்டுப் பார்த்தார், சுத்தமாக இருந்தது. பட்டா சரி, தாய்ப்பத்திரம் சரி. கிரயம் முடிந்து ஐந்தாறு மாதத்தில் கோர்ட்டிலிருந்து சம்மன் வந்தது. விற்றவரின் அக்கா, அப்பா சொத்தில் பாகம் கேட்டு முந்தைய வருஷமே வழக்குப் போட்டிருந்தார். “வில்லங்கத்தில் இல்லையே” என்று சித்தப்பா புலம்பினார். அதில் இருக்காது. கோர்ட் ஜப்தி உத்தரவு சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போயிருந்தால் வில்லங்கத்தில் ஏறும். ஒரு வழக்கு நிலுவையில் இருக்கிறது என்பது மட்டும் பொதுவாகத் தானாக ஏறுவதில்லை. ஆனால் சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 52-ஆம் பிரிவுப்படி, வழக்கு நடக்கும்போது வாங்கியவரையும் அதன் முடிவு கட்டுப்படுத்தும். வழக்கு இருப்பது தெரியாமல்தான் வாங்கினேன் என்பது அங்கே எடுபடாது.

ஆகவே, மனை வாங்குவோர் வில்லங்கம் பார்க்கிற நாளிலேயே கோர்ட்டையும் பார்த்துவிட வேண்டும். அதற்குக் காசும் வேண்டாம், வக்கீலும் வேண்டாம்.

இ-கோர்ட்ஸ் சர்வீசஸ் என்ற தளம் இருக்கிறது. அதே பெயரில் கைபேசிச் செயலியும் உண்டு. மாநிலம், மாவட்டம், நீதிமன்ற வளாகம் என்று வரிசையாகத் தேர்ந்தெடுத்தால் மாவட்ட நீதிமன்றங்களும் அவற்றுக்குக் கீழுள்ள தாலுகா கோர்ட்டுகளும் வந்துவிடும். உயர் நீதிமன்ற வழக்குகளுக்குத் தனிப் பக்கம். நிலத்தகராறு என்றால் நிலம் எந்த ஊர் எல்லையில் இருக்கிறதோ அங்கேதான் வழக்கு இருக்கும், விற்பவர் எந்த ஊரில் குடியிருந்தாலும் சரி. அந்த வளாகத்தில் உள்ள மாவட்ட உரிமையியல் நீதிமன்றம், சார்பு நீதிமன்றம், மாவட்ட நீதிமன்றம் எல்லாவற்றையும் பாருங்கள். சொத்தின் மதிப்பைப் பொறுத்து வழக்கு எதில் வேண்டுமானாலும் இருக்கலாம். சென்னையில் பெருந்தொகை வழக்குகள் நேராக உயர் நீதிமன்றத்தின் அசல் பிரிவுக்கே போகும் என்பதால் அதையும் விட்டுவிடக் கூடாது.

தேடுவதற்குப் பல வழிகள் தந்திருக்கிறார்கள்: வழக்கு எண், தாக்கல் எண், வக்கீல் பெயர், போலீஸ் எஃப்.ஐ.ஆர். எண், கட்சிக்காரர் (வாதி அல்லது பிரதிவாதி) பெயர். நம்பர் தெரியாதவருக்குக் கடைசியில் சொன்னதுதான் கதி. அங்கேதான் சறுக்கலும்.

முதல் சறுக்கல் எழுத்துக்கூட்டு. பெயர்கள் ஆங்கில எழுத்தில் ஏற்றப்பட்டிருக்கும். கந்தசாமி என்று தேடுகிறீர்கள். நடுவில் வரும் ‘த’வுக்கு டி மட்டும் போட்டார்களா, டி, எச் இரண்டும் போட்டார்களா, ‘சாமி’யை எஸ்ஸில் தொடங்கினார்களா, எஸ்-டபிள்யூ என்று தொடங்கினார்களா என்பது அன்றைக்கு டைப் செய்தவருக்கே வெளிச்சம். முழுப்பெயரையும் தட்டாதீர்கள். குறைந்தது மூன்று எழுத்து இருந்தால் போதும், தேடும். மாறாத முதல் மூன்று நான்கு எழுத்தை மட்டும் கொடுத்துவிட்டு, வருகிற பட்டியலைக் கண்ணால் சலித்துக்கொள்ளுங்கள். இனிஷியலைச் சேர்க்கவே வேண்டாம். சிலருக்கு முன்னால், சிலருக்குப் பின்னால், சிலருக்குப் புள்ளியோடு என்று அது ஒரு தனிக் கூத்து.

இரண்டாவது, ஆண்டு. ஒவ்வொரு வருஷமாகத்தான் தேட வேண்டியிருக்கும். பத்து வருஷம் பார்க்கப் பத்து முறை, ஒவ்வொரு முறையும் தளம் காட்டும் கேப்ட்சா என்ற கோணல்மாணல் எழுத்துகளைப் படித்துத் தட்ட வேண்டும். அலுப்பாகத்தான் இருக்கும். மூன்றாவது, நிலுவை வழக்கு, முடிந்த வழக்கு, இரண்டும் என்று மூன்று பொத்தான்கள் இருக்கும். ‘இரண்டும்’ என்பதை வையுங்கள். முடிந்துபோன வழக்கில் விற்பவர் தோற்றிருந்தால் அதுவல்லவா நமக்கு முதலில் தெரிய வேண்டும்! விற்பவர் பெயரோடு நிற்காமல் அவருடைய அப்பா, அண்ணன் தம்பி, அக்கா தங்கை பெயர்களையும் போட்டுப் பாருங்கள். பாகப்பிரிவினை வழக்கை அவர்களில் ஒருவர்தான் போட்டிருப்பார்.

வழக்கு சிக்கிவிட்டால் சி.என்.ஆர். எண்ணை, அதாவது அந்த வழக்குக்கு மட்டுமே உரிய அடையாள எண்ணை, குறித்து வைத்துக்கொள்ளுங்கள். 16 இடங்கள் கொண்டது: முதல் நான்கு மாநிலத்தையும் மாவட்டத்தையும் குறிக்கும் எழுத்துகள், அடுத்த இரண்டு எந்த நீதிமன்றம் என்று சொல்லும் இலக்கங்கள், பிறகு ஆறு இலக்க வரிசை எண், கடைசியில் வருஷம். இந்த எண் கையில் இருந்தால் வேறெதையும் தேர்ந்தெடுக்காமல் நேராக அந்த வழக்குக்கே போகலாம். சாதாரண போன் வைத்திருப்பவர், ஈகோர்ட்ஸ் என்று ஆங்கிலத்தில் தட்டி, ஓர் இடைவெளி விட்டு, இந்த எண்ணை 9766899899-க்கு எஸ்.எம்.எஸ். அனுப்பினால் வாய்தா தேதி பதிலாக வரும். இணையத்தோடு மல்லுக்கட்ட முடியாதவர்களுக்கு நீதிமன்ற வளாகங்களில் இ-சேவா மையம் வைத்திருக்கிறார்கள். வருமானச் சான்றுக்குப் போகிறோமே, அந்த அரசு இ-சேவை மையம் அல்ல; இது வேறு.

தளத்தில் கிடைக்கும் தீர்ப்பைப் பதிவிறக்கிப் படிக்கலாம், வக்கீலிடம் காட்டலாம். மேல்முறையீட்டுக்கோ இன்னொரு வழக்கில் சான்றாகவோ கொடுக்க அது போதாது. சான்றிட்ட நகல் வேண்டும். கோர்ட் வட்டாரத்தில் சர்டிஃபைட் காப்பி என்பார்கள்.

அதற்கான மனுதான் நகல் மனு (காப்பி அப்ளிகேஷன்), ‘சி.ஏ. போடுவது’ என்பது குமாஸ்தாக்களின் பேச்சு. எந்தக் கோர்ட்டில் கட்டு இருக்கிறதோ அந்தக் கோர்ட்டின் நகல் பிரிவில் போட வேண்டும். மனுவில் வழக்கு எண், வாதி பிரதிவாதி பெயர்கள், என்னென்ன ஆவணம் வேண்டும், ஒவ்வொன்றின் தேதி ஆகியவற்றை எழுதி, கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டிக் கொடுக்க வேண்டும். ‘வழக்குக் கட்டு முழுவதும்’ என்று மொட்டையாக எழுதினால் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். பிராது (வாதி தாக்கல் செய்த மனு), எதிருரை (அதற்குப் பிரதிவாதியின் பதில்), வாதி தரப்பு முதல் சாட்சியின் சாட்சியம், தீர்ப்பு, தீர்ப்பாணை என்று பிரித்து எழுதுங்கள். தீர்ப்பு வேறு, தீர்ப்பாணை வேறு என்பதையும் கவனியுங்கள். நீதிபதி காரணங்களோடு எழுதியது தீர்ப்பு. யாருக்கு என்ன கிடைத்தது, செலவுத்தொகை எவ்வளவு என்று சுருக்கமாக வரைந்தது தீர்ப்பாணை. ஒன்றை மட்டும் வாங்கிவிட்டு மற்றதற்கு மறுபடி அலைபவர்களைப் பார்த்திருக்கிறேன்.

மனுவுக்கு ஒரு சி.ஏ. நம்பர் தருவார்கள். பக்கங்களை எண்ணிப் பார்த்து எவ்வளவு கட்டணம் கட்ட வேண்டும் என்பதை அறிவிப்புப் பலகையில் ஒட்டுவார்கள். இதைப் பார்க்காமல் விடுவதுதான் பலர் செய்யும் தவறு. வீட்டுக்குக் கடிதம் வரும், போன் வரும் என்று காத்திருந்தால், குறித்த நாளுக்குள் கட்டவில்லை என்று மனு தள்ளுபடியாகியிருக்கும். வாரம் இரண்டு முறையாவது போய்ப் பலகையைப் பாருங்கள், அல்லது வக்கீல் குமாஸ்தாவிடம் சொல்லி வையுங்கள். அவர்கள் தினமும் அந்தப் பலகை முன்னால்தான் நிற்கிறார்கள்.

நகல் கைக்கு வந்ததும் தீர்ப்பைப் படிக்கும் முன் அதிலுள்ள முத்திரையைப் பாருங்கள். மனுப் போட்ட தேதி, கட்டணம் கேட்ட தேதி, கட்டிய தேதி, நகல் தயாரான தேதி, கொடுத்த தேதி என்று கீழே கீழே குறித்திருக்கும். மேல்முறையீட்டுக் கணக்கே அதில்தான் இருக்கிறது. உரிமையியல் வழக்கில் மாவட்ட நீதிமன்றத்துக்கு மேல்முறையீடு செய்ய 30 நாள், உயர் நீதிமன்றத்துக்கு 90 நாள். காலவரையறைச் சட்டம் 1963-இன் 12-ஆம் பிரிவு, நகல் வாங்கத் தேவைப்பட்ட நாள்களை இந்தக் கெடுவிலிருந்து கழித்துவிடுகிறது.

ஓர் உதாரணம். ஜூன் 3 தீர்ப்பு. சாதாரணக் கணக்கில் கெடு ஜூலை 3. நீங்கள் ஜூன் 10-இல் மனுப் போட்டு, கேட்டதும் கட்டணம் கட்டி, ஜூலை 8-இல் நகல் தயாரானால் அந்த 29 நாளும் கழியும். கெடு ஆகஸ்ட் 1-க்குத் தள்ளிப்போகும். ஆனால் தயாரான நகலை நீங்கள் ஜூலை 20-இல் போய் வாங்கினால் அந்த இடைவெளி உங்கள் கணக்கு. கட்டணம் கட்டாமல் வீணாக்கிய நாளும் அப்படித்தான். தீர்ப்பாணை இன்னும் தயாராகவில்லை, தயாரானபின் மனுப் போடலாம் என்று உட்கார்ந்திருப்பதும் ஆபத்து. மனுப் போடுவதற்கு முன்பு தீர்ப்பாணை எழுத ஆன நாள்களைக் கழிக்க முடியாது என்று அதே பிரிவின் விளக்கம் சொல்கிறது. தீர்ப்புச் சொன்ன அன்றைக்கோ மறுநாளோ மனுப் போட்டுவிடுவதுதான் நல்லது.

இதெல்லாம் வழக்கில் கட்சிக்காரராக இருப்பவருக்கு. மனை வாங்குவதற்கு முன் சித்தப்பா இருந்ததைப் போல வெளியே நிற்பவருக்கு? கிடைக்கும், கூடுதலாக ஒரு படி உண்டு. எதற்காக நகல் வேண்டும் என்பதை உறுதிமொழிப் பத்திரமாக எழுதி மனுவோடு வைக்க வேண்டும். நீதிபதி அனுமதித்தால்தான் நகல். “இந்தச் சொத்தை வாங்க முன்பணம் கொடுத்திருக்கிறேன்” என்பது நல்ல காரணம். ஒப்பந்த நகலையும் இணையுங்கள். “தெரிந்துகொள்ள வேண்டும்” என்று மட்டும் எழுதினால் நிற்பது கடினம். நகல் வாங்காமல் கட்டைப் பார்த்துக் குறிப்பெடுத்துக்கொள்ளவும் மனுப் போடலாம். எது வேண்டும் என்று தெரியாதபோது முதலில் அதைச் செய்வதே செலவுக்கு நல்லது.

தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டிக் கேட்டுவிடலாமே என்று பலர் நினைக்கிறார்கள். முடியாது. குஜராத் உயர் நீதிமன்றம் தொடர்பான வழக்கில் 2020 மார்ச் 4-இல் உச்ச நீதிமன்றம் இதைத் தீர்த்துவிட்டது: வழக்குக் கட்டிலுள்ள ஆவணத்துக்கு நீதிமன்ற விதிகளில் வழி இருக்கும்போது அந்த வழியில்தான் கேட்க வேண்டும். நிர்வாகத் தகவல்களுக்குத்தான் ஆர்.டி.ஐ. எனக்கு இது முழுக்க ஏற்புடையது அல்ல. சாதாரண மனிதருக்கு அந்த உறுதிமொழிப் பத்திரம் தயாரிப்பதே ஒரு செலவு. ஆனால் இன்றைய சட்டம் இதுதான்.

குற்ற வழக்கில் சில நகல்கள் இலவசம். புகார் கொடுத்தவருக்கும் பாதிக்கப்பட்டவருக்கும் எஃப்.ஐ.ஆர். நகலைக் காசில்லாமல் கொடுக்க வேண்டும். குற்றம் சாட்டப்பட்டவருக்குக் குற்றப்பத்திரிகையும் இணைப்புகளும் இலவசம். சிறைத்தண்டனை விதிக்கப்பட்டால் தீர்ப்பு நகலையும் உடனே இலவசமாகத் தர வேண்டும். எஃப்.ஐ.ஆரை 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் ஏற்ற வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2016-இல் உத்தரவிட்டது. அதனால் தமிழ்நாடு காவல்துறை தளத்திலேயே பெரும்பாலானவை கிடைக்கும். பாலியல் குற்றங்கள், போக்சோ போன்றவை ஏறாது.

அவை ஏறாததும் சரிதான். போக்சோ வழக்கில் குழந்தையின் அடையாளம், பாலியல் வன்முறை வழக்கில் பாதிக்கப்பட்டவரின் பெயர், மூடிய அறையில் நடக்கும் மணவிலக்கு வழக்கு, சிறார் நீதி வாரிய ஆவணங்கள் ஆகியவை வெளியாளுக்கு இல்லை. யாரோ ஒருவருடைய விவாகரத்துக் கட்டைப் பெண் பார்க்கும் முன் எடுத்துத் தர முடியுமா என்று என்னிடமே கேட்டிருக்கிறார்கள்.

பழைய வழக்குகள்தான் உண்மையில் பாடு. கணினி வருமுன் முடிந்தவை தளத்தில் இருப்பது அரிது. நம்பரை வேறு இடத்தில் தேட வேண்டும். பத்திரத்தின் நடுவில் ‘மேற்படி சொத்து சம்பந்தமாக நடந்த வழக்கு’ என்று ஒரு வரி வரும், அதில் இருக்கும். மேல்முறையீட்டுத் தீர்ப்பு கிடைத்தால் அதன் தலைப்பிலேயே கீழ்க்கோர்ட் நம்பர் இருக்கும். மாவட்டமோ கோர்ட்டோ பிரிந்தபோது கட்டு புதுக் கோர்ட்டுக்குப் போய் நம்பரும் மாறியிருக்கலாம். பழைய கோர்ட்டில் எங்கே அனுப்பினோம் என்று குறித்திருப்பார்கள், கேளுங்கள். மேல்முறையீடு நடந்தால் கட்டு மேல்கோர்ட்டில் இருக்கும். கீழே போட்ட மனு வெறுங்கையோடு திரும்பும்.

எல்லாக் கட்டும் எல்லாக் காலத்துக்கும் இருக்காது. 1917-ஆம் ஆண்டின் ஆவண அழிப்புச் சட்டத்தின் கீழ் விதிகள் உண்டு; தீர்ப்பையும் தீர்ப்பாணையையும் நெடுங்காலம் வைத்துக்கொண்டு, மற்ற தாள்களைக் குறித்த ஆண்டுகளுக்குப் பின் அழித்துவிடுவார்கள். எனவே உங்கள் வழக்கு முடிந்து மேல்முறையீட்டுக் காலமும் கடந்துவிட்டால், சான்றாவணமாகத் தாக்கல் செய்த அசல் பத்திரத்தைத் திரும்பக் கேட்டு மனுப் போடுங்கள். சித்தப்பாவின் தாய்ப்பத்திரம் இன்னும் கோர்ட்டில்தான் இருக்கிறது, வழக்கு முடியவில்லை.