ஷெல்டிக்கு ஐவர்மெக்டின் ஏன் ஆகாது? நாலு எழுத்து காணாம போன கதை

வாசகர் ஒருத்தர் கேட்டிருக்காங்க: "எங்க வீட்ல ஷெல்டி வளர்க்கிறோம், உடம்பெல்லாம் சொறி. ஐவர்மெக்டின் போடுங்கன்னு கேட்டா டாக்டர் முதல்ல ஜீன் டெஸ்ட் எடுத்துட்டு வாங்கன்றார். லாப்ரடார்க்கெல்லாம் டெஸ்ட் இல்லாமலே போடுறாங்களே, இவளுக்கு மட்டும் ஏன்?" அந்த டாக்டர விட்டுடாதீங்க, நல்ல டாக்டர்.

ஷெல்டி, அதாவது ஷெட்லாண்ட் ஷீப்டாக், ஸ்காட்லாந்துக்கு வடக்க இருக்கிற ஷெட்லாண்ட் தீவுகள்ல ஆடு மேய்க்க வச்சிருந்த சின்ன நாய். பெரிய கோலி நாயோட ரத்தமும் இதுல நல்லாவே கலந்திருக்கு. 1909ல பிரிட்டன் கென்னல் கிளப் 'ஷெட்லாண்ட் கோலி'ன்னு ஏத்துக்கிச்சு, கோலி வளர்க்கிறவங்க சண்டை போட்டதால 1914ல பேர மாத்தினாங்க. உயரம் 33லருந்து 41 செமீ தான். மேய்ச்சல் புத்தி போகவே போகாது, ஓடுற குழந்தை, சைக்கிள், பூனை எதுவா இருந்தாலும் விரட்டி ஒரு இடத்துல சேர்க்கப் பாக்கும், நிறைய குரைக்கும், அதனால தினமும் ஓட விடணும், மூளைக்கும் வேலை குடுக்கணும். முடி ரெண்டு அடுக்கு, வாரத்துக்கு ரெண்டு மூணு தடவையாவது அடி முடி வரைக்கும் சீவி விடுங்க, வெயில்னு சொல்லி மொட்டை மட்டும் அடிக்காதீங்க, வெயில்லருந்து தோல காப்பாத்துறதே அந்த முடிதான்.

இப்ப மருந்துக்கு வருவோம், எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம் இதுதான்.

ஐவர்மெக்டின், ஜப்பான் மண்ணுல கிடைச்ச ஒரு பாக்டீரியாவுல இருந்து வந்த மருந்து, அந்தக் கண்டுபிடிப்புக்கு 2015ல நோபல் பரிசே குடுத்தாங்க. புழு, சொறிப்பூச்சி இதுங்களோட நரம்புல குளோரைடு அயனி உள்ள போற ஒரு கதவு இருக்கு, மருந்து அத திறந்து வச்சிடும், நரம்பு அடங்கிப் போய் பூச்சி செத்துடும். அந்தக் கதவு நமக்கும் நாய்க்கும் கிடையாது. ஆனா அதோட சொந்தக்கார கதவுங்க நம்ம மூளையில இருக்கு, மருந்து அதிகமா சேர்ந்தா அதுங்களையும் பிடிச்சுக்கும். அப்படின்னா இத்தன கோடி பேரும் மாடும் நாயும் எப்படி தப்பிக்கிறோம்? மருந்து மூளைக்குள்ள தங்கவே முடியாது, அதான்.

மூளைக்குப் போற ரத்தக்குழாயோட செல்லுங்க இடைவெளி இல்லாம ஒட்டிக்கிட்டு இருக்கும். ஆனா ஐவர்மெக்டின் கொழுப்புல கரையும், செல்லோட சவ்வும் கொழுப்புதான், அதனால இடைவெளியே தேவையில்ல, சவ்வு வழியாவே உள்ள வந்துடும். அங்கதான் பி-கிளைக்கோபுரோட்டீன்னு ஒரு பம்ப் உக்காந்திருக்கு. ரெண்டு பாதியா இருக்கிற புரதம், உள்பக்கம் வாய பொளந்துக்கிட்டு நிக்கும், சவ்வுக்குள்ள நழுவி வர்ற மருந்து மூலக்கூற அங்கயே கவ்வும், ரெண்டு ஏடிபி (செல்லுக்கு சக்தி குடுக்கிற மூலக்கூறு) வந்து ஒட்டினதும் ரெண்டு பாதியும் மூடி அப்படியே வெளிப்பக்கம் திறந்துக்கும், மருந்து திரும்ப ரத்தத்துலயே விழும், ஏடிபி உடைஞ்சதும் பழைய நிலைக்கு வந்து அடுத்தத பிடிக்கும். ஓட்டைப் படகுல தண்ணிய இறைச்சு ஊத்திக்கிட்டே இருக்கிற மாதிரி, கசிவு நிக்காது, ஆனா படகு மூழ்காது. ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமே இல்லாத எத்தனையோ மருந்துகள இந்த ஒரே பம்ப் கவ்வுதுன்றது எனக்கு இன்னைக்கும் ஆச்சரியம்தான்.

இதோட வேலை மூளையில என்னன்னு தெரிஞ்ச விதம் இன்னும் அழகு. இந்த பம்ப முதல்ல 1976லயே கேன்சர் மருந்துக்கு மசியாத செல்லுங்கள்ல பாத்துட்டாங்க. 1994ல ஆம்ஸ்டர்டாம்ல ஷிங்கல் குழு பம்ப் ஜீன் இல்லாத எலிகள உருவாக்கினாங்க, அதுங்க பாக்க சாதாரணமாதான் இருந்துச்சு. எலிக் கூண்டுல சிற்றுண்ணி வந்துடுச்சுன்னு வழக்கம்போல ஐவர்மெக்டின் ஸ்ப்ரே அடிச்சிருக்காங்க. மத்த எலிங்களுக்கு ஒண்ணும் ஆகல, பம்ப் இல்லாததுங்க செத்துப் போச்சு! கேன்சர் பத்தின ஆராய்ச்சி, கடைசியில நாயோட உயிரக் காப்பாத்துற அறிவா வந்து நிக்குது. "இதனால என்ன பிரயோஜனம்"னு கேட்டு அடிப்படை ஆராய்ச்சிக்கு பணத்த நிறுத்துறவங்க இத ஒரு தடவை படிக்கணும்.

2001ல வாஷிங்டன் ஸ்டேட் யுனிவர்சிட்டியில மீலி குழு, ஐவர்மெக்டின் ஆகாத கோலி நாய்கள்ல அதுக்குக் காரணத்த கண்டுபிடிச்சாங்க. பம்ப் ஜீன்ல நாலே நாலு டிஎன்ஏ எழுத்து இல்ல. ஜீன மூணு மூணா படிப்பாங்கன்னு பள்ளிக்கூடத்துலயே படிச்சிருப்பீங்க, நாலு போனா அதுக்கப்புறம் எல்லாமே தப்பு, சீக்கிரமே நிறுத்தக் குறியும் வந்துடுது. ஏறக்குறைய 1280 அமினோ அமிலம் இருக்க வேண்டிய புரதம் பத்துல ஒரு பங்கு கூட வராம நின்னுடும். இந்த மாற்றம் இனங்கள் பிரியறதுக்கு முன்னாடி பிரிட்டன்ல இருந்த ஒரே ஒரு மூதாதை நாய்கிட்டருந்து வந்ததுன்னு பின்னாடி தெரிஞ்சுது. அமெரிக்கக் கணக்குல கோலிகள்ல 70 சதவீதம் கிட்ட, ஷெல்டிகள்ல 15 சதவீதம் கிட்ட இந்தக் கெட்ட ஜீனோட ஒரு பிரதியாவது வச்சிருக்கு (அம்மாகிட்டருந்து ஒண்ணு, அப்பாகிட்டருந்து ஒண்ணுன்னு ஒவ்வொரு ஜீனுக்கும் ரெண்டு பிரதி).

அளவு முக்கியம். இதயப்புழு வராம இருக்க மாசாமாசம் குடுக்கிற மாத்திரையில கிலோவுக்கு 6 மைக்ரோகிராம் தான், அது ரெண்டு பிரதியும் கெட்ட நாய்க்கே பிரச்சனை இல்ல. சொறிக்கு 300லருந்து 600 வரைக்கும் போகும், அங்கதான் ஆபத்து. மாடு, குதிரைக்கு விக்கிற மருந்த சொட்டு கணக்குல குடுக்கிறத தயவுசெஞ்சு விட்டுடுங்க. மருந்து குடுத்த ஆடு, குதிரையோட சாணத்துலயும் நிறைய வெளிய வரும், அத நக்கியே நாய் விழுந்திருக்கு. வயித்துப்போக்குக்கு நாம போடுற லோபரமைடும் இதே கதைதான்.

"பாதம் வெள்ளையா இருந்தா குடுக்காதே"ன்னு ஒரு பழைய பேச்சு உண்டு. மேய்ச்சல் இனத்துக்கு அடையாளமா ஆரம்பிச்சது, ஆனா நிறத்துக்கும் இந்த ஜீனுக்கும் சம்பந்தமே கிடையாது, பாதம் கருப்பா இருக்குன்னு தைரியமா குடுக்கிறது ஜாதகம் பாத்து ஊசி போடுற மாதிரி. கன்னத்துக்குள்ள பஞ்சுக்குச்சிய தேச்சு அனுப்பினா போதும், டெஸ்ட் அவ்ளோதான், வாழ்நாளுக்கு ஒரு தடவை. ஒரு பிரதி மட்டும் கெட்டிருந்தா கூட டாக்டர் கிட்ட சொல்லுங்க, சில மயக்க மருந்து, கேன்சர் மருந்தோட அளவ குறைக்கணும்.

ஏற்கனவே குடுத்துட்டு நாய் தள்ளாடுது, எச்சி வடியுது, கண்ணுமணி விரிஞ்சிருக்கு, பார்வை தெரியலன்னா உடனே தூக்கிட்டு ஓடுங்க, மருந்து பேரையும் அளவையும் சொல்லுங்க. முறிமருந்து கிடையாது. வெளிய தள்ள பம்ப் இல்லாததால மருந்து தானா மெதுவா மூளைய விட்டுப் போகணும், அதுவரைக்கும் குளுக்கோஸ், மூச்சு, உடம்பு சூடு எல்லாத்தையும் பாத்துக்கணும், சிலசமயம் வாரக்கணக்குல கோமாவுல கிடந்துட்டு முழுசா எழுந்து நடந்த நாய்களும் உண்டு, அதனால ரெண்டு நாள்ல நம்பிக்கைய விட்டுடாதீங்க.