கென்யாவுக்கு விசா வேண்டாம், சரி. மஞ்சள் அட்டை?

கென்யாவுக்கு இனி விசா தேவையில்லை என்று கேள்விப்பட்டதும் பலர் டிக்கெட்டைப் போட்டுவிட்டுத்தான் மற்றதை விசாரிக்கிறார்கள். 2024 ஜனவரியிலிருந்து விசா கிடையாது என்பது உண்மைதான். ஆனால் அந்த இடத்தில் இ.டி.ஏ. என்று ஓர் ஆன்லைன் பயண அனுமதி வந்து உட்கார்ந்திருக்கிறது. ஆளுக்கு 30 டாலர், அதற்கு மேல் கொஞ்சம் சேவைக் கட்டணம், கைக்குழந்தைக்கும் தனி விண்ணப்பம். ஆறு மாதமாவது உயிருள்ள பாஸ்போர்ட், போட்டோ, டிக்கெட், தங்குமிட புக்கிங் இருந்தால் வீட்டிலிருந்தே முடித்துவிடலாம். தளத்தின் முகவரி 'டாட் ஜிஓ டாட் கேஇ' என்று முடிகிறதா என்று மட்டும் பாருங்கள், அரசுத் தளம் மாதிரியே வேஷம் போட்டு அதிகப் பணம் பிடுங்கும் தளங்கள் நிறைய.

இது சுலபம். மாட்டிக்கொள்வது மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியில்தான், அதுவும் போகும்போது அல்ல, திரும்பி வரும்போது. (மஞ்சள் காமாலை இல்லை, இது வேறு. கொசுவால் பரவும் வைரஸ்.) இந்தியாவிலிருந்து நேராகப் போகிறவரிடம் கென்யாவின் விதி இந்த ஊசியைக் கேட்பதில்லை, கேட்பது நம்ம ஊர்தான். அந்த நோய் உள்ள நாடுகளின் பட்டியலில் கென்யாவை இந்தியா வைத்திருக்கிறது. அங்கிருந்து கிளம்பி ஆறு நாளுக்குள், ஊசி போட்டதற்கான சான்றிதழ் (அதுதான் மஞ்சள் அட்டை) இல்லாமல் இங்கே வந்து இறங்கினால், அந்த ஆறு நாள் கழியும்வரை தனிமைப்படுத்தி வைக்கலாம். சனிக்கிழமை நைரோபியில் ஏறி ஞாயிற்றுக்கிழமை மும்பையில் இறங்குகிறவர் திங்கள்கிழமை ஆபீசை மறந்துவிட வேண்டியதுதான்.

இவ்வளவு கெடுபிடி எதற்கு என்றால், டெங்குவைப் பரப்பும் அதே ஏடிஸ் கொசுதான் இதையும் பரப்பும். கொசு இங்கே தெருவுக்குத் தெரு இருக்கிறது, வைரஸ்தான் இன்னும் வரவில்லை, அதை யாராவது உடம்பில் சுமந்து வந்துவிடக்கூடாது என்பதுதான் கவலை. கடித்து மூன்றிலிருந்து ஆறு நாளுக்குள் காய்ச்சல் தெரிந்துவிடும் என்பதால்தான் ஆறு நாள் கணக்கு.

ஊசியை உங்கள் குடும்ப டாக்டரிடம் போட்டுக்கொண்டு வந்தால் செல்லாது, அரசு அங்கீகரித்த மையத்தில்தான் போட வேண்டும். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட், துறைமுக சுகாதார அலுவலகம் இரண்டிலும் போடுகிறார்கள். ஒரு குப்பியில் பல பேருக்கான மருந்து இருக்கும், திறந்தால் சில மணி நேரத்தில் தீர்த்தாக வேண்டும், அதனால் என்றைக்குப் போடுகிறார்கள் என்று கேட்டுக்கொண்டு பாஸ்போர்ட்டோடு போங்கள். கையில் கிடைக்கும் மஞ்சள் அட்டையில் பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே இருக்கிறதா என்று அங்கேயே நின்று பார்த்துவிடுங்கள். இனிஷியல் ஓரிடத்தில் முன்னால், இன்னோரிடத்தில் அப்பா பெயராக விரிந்து பின்னால் என்று நமக்கு வருகிற தொல்லை இதிலும் வரும்.

ஊசி போட்ட பத்தாவது நாளிலிருந்துதான் அட்டை செல்லும், ஆகவே கிளம்புவதற்கு இரண்டு வாரம் முன்பே முடித்துவிடுவது நல்லது. அப்புறம் ஆயுசுக்கும் மறுபடி போட வேண்டியதில்லை. பத்து வருடத்துக்கு ஒரு முறை என்ற பழைய கணக்கு 2016 ஜூலையோடு போயிற்று. முட்டை அலர்ஜி உள்ளவர்கள், கர்ப்பிணிகள், அறுபது தாண்டியவர்கள் முதலில் டாக்டரிடம் பேசிவிட வேண்டும். கைக்குழந்தை விஷயம்தான் சிக்கல்: ரொம்பச் சின்னக் குழந்தைக்கு விதியில் விலக்கு உண்டு, எந்த வயதுவரை என்று கேட்டுக்கொள்ளுங்கள், ஊசியோ ஒன்பது மாதம் ஆனால்தான். விலக்கும் இல்லை, ஊசியும் போட முடியாது என்கிற வயதுக் குழந்தை என்றால் நான் பயணத்தையே தள்ளிப்போடுவேன்.

இன்னொன்று, பெட்டி கட்டும்போது. 2017 ஆகஸ்டிலிருந்து கென்யாவில் பிளாஸ்டிக் கேரி பேக்குக்குத் தடை, சட்டத்தில் சிறைத் தண்டனை வரைக்கும் இருக்கிறது. பருப்புப் பொடியையும் முறுக்கையும் கேரி பேக்கில் சுற்றாமல் டப்பாவில் போட்டு எடுத்துப் போங்கள். டியூட்டி ஃப்ரீ கடையில் கொடுத்த பையையும் விமான நிலையத்திலேயே விட்டுவிட வேண்டும். தேசியப் பூங்காக்களுக்குள் 2020 ஜூனிலிருந்து ஒருமுறை பயன்படுத்தும் தண்ணீர் பாட்டிலுக்கும் அனுமதியில்லை, ஆளுக்கொரு எவர்சில்வர் பாட்டில் பெட்டியில் இருக்கட்டும்.