அட்டையில் யானை, உள்ளே என்ன?

போன வாரம் ஏற்காட்டில் ஒரு காபி எஸ்டேட்டில் நிழல் மரங்களைக் கணக்கெடுத்துக்கொண்டிருந்தோம். பயிற்சிக்கு வந்த, 'சுற்றுச்சூழல்' படிக்கும் மூன்றாம் ஆண்டு மாணவியிடம் டேப்பைக் கொடுத்து, "அந்தச் சில்வர் ஓக்கை அளந்து சொல்லு கண்ணு" என்றேன். குனிந்து வேரடியில் சுற்றினாள். நெஞ்சு உயரத்தில், அதாவது 1.37 மீட்டரில் அளக்க வேண்டும் என்பது இந்தத் துறையின் முதல் மாதப் பாடம். "பிபிடியில காட்டினாங்க சார், டேப் தொட்டதில்லை" என்றாள். அவள் மேல் கோபமில்லை, மூன்று வருஷம் ஃபீஸ் வாங்கியவர்கள் மேல்தான். இந்த வருஷம் இப்படி வந்த நான்காவது பிள்ளை இவள்.

இந்தப் படிப்பில் பிள்ளையைச் சேர்க்கலாமா என்று சேலத்திலிருந்து வரும் பெற்றோர் கேட்பது ஒரே கேள்வி. "ஏங்க, இதைப் படிச்சா பாப்பா ஃபாரஸ்ட் ஆபீசர் ஆயிடுமா?" ஆகாதுங்க. வேலையைத் தருவது தேர்வு, படிப்பு அல்ல. ஐஎஃப்எஸ், அதாவது இந்திய வனப்பணித் தேர்வு எழுத வனவியல்தான் படித்திருக்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. தாவரவியல், விலங்கியல், இயற்பியல், வேதியியல், கணிதம், புள்ளியியல், நிலவியல், கால்நடை அறிவியல், இதில் ஒன்றைப் படித்த பட்டதாரி எழுதலாம். வேளாண்மை, வனவியல் படித்தவர்களும் எழுதலாம். அட, இன்ஜினியரிங் படித்தவரும் எழுதலாம்! முதல்நிலைத் தேர்வு ஐஏஎஸ் எழுதுகிறவர்களோடு சேர்த்துத்தான். எல்லாம் தாண்டினாலும், நான்கு மணி நேரத்துக்குள் ஆண்கள் 25 கிலோமீட்டர், பெண்கள் 14 கிலோமீட்டர் நடந்து காட்ட வேண்டும்.

டிஎன்பிஎஸ்சி நடத்தும் வனத்தொழில் பழகுநர் (ஃபாரஸ்ட் அப்ரண்டிஸ்) பணிக்கு வனவியல் பட்டதாரிகளுக்கு முன்னுரிமை உண்டு, சரி. ஆனால் வனவியல் வேறு, அட்டையில் யானைப் படம் போட்டு 'சுற்றுச்சூழல்' என்று விற்கும் படிப்பு வேறு. வனவியல் வேண்டுமென்றால் மேட்டுப்பாளையம் வனக் கல்லூரி இருக்கிறது. வேளாண் பல்கலைக்கழகத்தின் கலந்தாய்வு வழியாக இடம், நான்கு வருஷம். காட்டுயிர்தான் ஆசை என்றால் ஊட்டி அரசு கலைக் கல்லூரியையும் விசாரியுங்கள். இடம் கிடைக்கவில்லையா, பக்கத்திலேயே தாவரவியல் சேருங்கள். தாவரவியல் என்றதும் ஏன் முகம் சுளிக்கிறீர்கள்? எங்கள் குழுவில் ஒரு இலையைக் கசக்கி முகர்ந்தே மரத்தின் பெயர் சொல்கிறவர் தாவரவியல்காரர்தான்.

எந்தக் கல்லூரியானாலும், மாதத்தில் எத்தனை நாள் வெளியே கூட்டிப்போகிறார்கள் என்று கேளுங்கள். குரும்பப்பட்டி உயிரியல் பூங்காவுக்கு ஒரு நாள் போய் வந்ததைக் களப்பணி என்றால் எழுந்து வந்துவிடுங்கள். பாடத்திட்டத்தில் மண்ணியலும் புள்ளியியலும், கணினியில் வரைபடம் போடும் ஜிஐஎஸ்ஸும் இருக்கிறதா பாருங்கள். அட்மிஷன் ஆபீசில் உட்காரவைத்திருக்கும் 'முன்னாள் மாணவரை' விட்டுவிட்டு, வெளியே டீக்கடையில் நிற்கும் பிள்ளையிடம் பேசுங்கள்.

இன்னொன்று. காட்டுமாட்டை வேடிக்கை பார்த்த நாட்களைவிட உண்ணிச்செடி வெட்டிய நாட்களும் எக்செல்லில் கண் வலித்த நாட்களும்தான் எனக்கு அதிகம்.

தயவுசெய்து அட்வான்ஸ் கட்டிவிட்டு எனக்கு போன் செய்யாதீர்கள். கட்டுவதற்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளையைக் கூட்டிவாருங்கள். நாற்பது மரம் அளக்கவிடுகிறேன். இந்த வேலை தனக்கு ஒத்துவருமா என்று சாயங்காலம் அதுவே சொல்லும்.