மூளைக் கட்டி உள்ளவரின் குணம் மாறும்போது

மூளைக் கட்டி என்றால் தலைவலி, வாந்தி, வலிப்பு மூன்றையும் வீட்டார் கவனித்துவிடுகிறார்கள். குணம் மாறுவதை மட்டும் நோய்க்கணக்கில் சேர்ப்பதில்லை. ‘வயசாச்சு’, ‘வேலைக் கவலை’ என்று மாதங்கள் ஓடிவிடும்.

நெற்றிப் பக்கத்து மூளையை மெல்ல அழுத்தும் மெனிஞ்சியோமா (மூளையின் உறையில் வளரும் கட்டி) இதற்கு நல்ல உதாரணம். தலைவலிகூட இல்லாமல் நெடுநாள் இருக்கும். தட்டில் சோறு இருக்கும்; ‘சாப்பிடுங்க’ என்று யாராவது சொல்லும்வரை கை போகாது. குளிக்கத் தோன்றாது. இதை மனச்சோர்வு என்று நினைத்து மாத்திரை தொடங்கிவிடுவதுண்டு. மனச்சோர்வில் இருப்பவர் பெரும்பாலும் தன் நிலையை நினைத்து வருந்துவார்; கட்டி உள்ள இவருக்கு வருத்தமே இராது, ‘நல்லாத்தான் இருக்கேன்’ என்பார். இரண்டும் சேர்ந்தும் வரலாம். நடுவயதுக்கு மேல் முதன்முறையாக இப்படி மாறி, நடையும் தடுமாறி, சிறுநீர் தன்னையறியாமல் போகிறதென்றால் ஸ்கேனைத் தள்ளிப்போடக் கூடாது.

காதுக்கு மேலே, பொட்டுப் பக்கத்துக் கட்டியில் இல்லாத கருகல் வாடை, காரணமில்லாத திடீர் பயம் ஓரிரு நிமிடம் வந்து போகும். அது வலிப்பின் ஒரு வகையாக இருக்கலாம்.

எல்லா மாற்றத்துக்கும் கட்டியே காரணமல்ல. மருந்தையும் சந்தேகிக்க வேண்டும். மூளை வீக்கம் வடியக் கொடுக்கும் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மருந்து சில நாட்களிலேயே தூக்கத்தைக் கெடுக்கும்; எரிச்சல், மிதமிஞ்சிய உற்சாகம், வீண் சந்தேகம்கூட வரும். நாளுக்கு 6 மி.கி. என்பது பிரெட்னிசோலோன் என்ற இன்னொரு ஸ்டீராய்டின் 40 மி.கி.க்குச் சமம், அதைத் தாண்டும்போது ஆபத்து கூடுகிறது. இரவு வேளை மாத்திரையை மதியத்துக்குள் முடிக்கலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். நீங்களாக நிறுத்தாதீர்கள். சில வாரம் சாப்பிட்டாலே, உடலுக்கு வேண்டிய ஸ்டீராய்டைச் சுரக்கும் அட்ரீனல் சுரப்பி தன் வேலையைக் குறைத்திருக்கும். சட்டென நிறுத்தினால் ரத்த அழுத்தம் விழுந்து உயிருக்கே ஆபத்தாகலாம். வலிப்புக்கான லெவெடிராசிட்டம் சிலருக்குக் கடும் கோபத்தையோ மனச்சோர்வையோ தரும். அதையும் திடீரென விட்டால் வலிப்பு திரும்பும். மாற்று மருந்து உண்டு, கேட்டு வாங்குங்கள்.

காரணத்தைப் பிரிக்க ஒரு நோட்டு போதும். மருந்து தொடங்கிய, அளவு மாறிய தேதி ஒரு பக்கம். தூக்கம், கோபம், மறதி எதிர்ப்பக்கம். டாக்டர் முன் பத்து நிமிடம் நோயாளி தெளிவாகவே பேசுவார், அதனால் நோட்டு பேசட்டும். ‘வேணும்னே செய்யறார்’ என்று அவரிடம் சண்டை போடாதீர்கள். தன்னில் வந்த மாற்றம் அவருக்கே தெரியாமலிருப்பதும் இந்த நோயின் பகுதிதான்.

சில மணி நேரத்தில் குழப்பமோ அரைமயக்கமோ கூடினாலும், சாவைப் பற்றிப் பேசினாலும் அடுத்த அப்பாயின்ட்மென்டுக்குக் காத்திராமல் அன்றே அவசரப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள். மாத்திரைச் சீட்டும் அந்த நோட்டும் கையில் இருக்கட்டும்.