இரண்டு தோல்களுக்கு நடுவே

ஒரு அட்டைப்பெட்டியின் ஓரத்தைக் கிழித்துப் பாருங்கள். இரண்டு மெல்லிய தாள்கள், நடுவே அலை அலையாக இன்னொரு தாள். தனித்தனியாகப் பிரித்தால் எதிலும் தெம்பிருக்காது. ஒட்டியிருக்கும்போது, அதன்மேல் புத்தகங்களை அடுக்கிவைக்கலாம்.

மனிதர்கள் உட்காரும் விண்கலக் கூட்டையே இப்படிக் கட்டிப் பார்க்க நாசா 2007இல் ஒரு திட்டம் தொடங்கியது. தாளுக்குப் பதில் எபாக்சிப் பிசினில் ஊறிய கார்பன் இழைத் தோல்கள். நடுவே அலுமினியத் தேனடை. இழையும் பிசினும் சேர்ந்த இந்தக் கார்பன் காம்போசிட்டின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்குச் சுமார் 1.6 கிராம், அலுமினியத்துக்கு 2.7. ஆனால் உண்மையான லாபம் நடுவில் இருக்கும் இடைவெளியில்தான். தோல்களுக்கு இடையிலான தூரத்தை இரண்டு மடங்காக்கினால், வளையாமல் நிற்கும் திறன் ஏறக்குறைய நான்கு மடங்காகிறது. எடையோ கொஞ்சம்தான் கூடும்.

கார்பன் இழை மூங்கிலைப் போன்றது. நீளவாக்கில் இழுத்தால் அசையாது, குறுக்கே இழுத்தால் பிளந்துவிடும். அதனால் ஒரு அடுக்கை நேராக, அடுத்ததை 45 டிகிரி திருப்பி, அப்புறம் 90 டிகிரி என்று மாற்றி மாற்றிப் படியவைத்து, அழுத்தமும் சூடும் கொடுத்து இறுக வைக்கிறார்கள்.

சரி, ஆபத்து எங்கே? அதே நடுவெளியில்தான். நாசாவின் எக்ஸ்-33 என்ற ஆளில்லா விண்விமானத் திட்டத்துக்காகச் செய்த திரவ ஹைட்ரஜன் தொட்டியும் இதே தேனடை வகை. 1999 நவம்பரில் சோதனைக்காக அதை நிரப்பினார்கள். மைனஸ் 253 டிகிரிக் குளிரில் உட்தோலில் கண்ணுக்குத் தெரியாத விரிசல்கள் விழுந்து, ஹைட்ரஜன் தேனடைக்குள் கசிந்தது. தொட்டியைக் காலி செய்தபின் சூடு ஏற ஏற, உள்ளே சிக்கியது விரிந்து, வெளித்தோலைப் பிய்த்துவிட்டது.

உலோகம் அடிபட்டால் நசுங்கிக் காட்டிக்கொடுக்கும். இங்கே மேற்பரப்பு வழவழப்பாகவே இருக்க, உள்ளே அடுக்குகள் பிரிந்திருக்கலாம். பானை வாங்குகிறவர் தட்டிப் பார்ப்பாரே, அதேபோல் நாணயத்தால் தட்டி ஓசை மங்குகிறதா என்று கேட்கும் முறை காம்போசிட் தொழிலில் உண்டு. நுட்பமான சோதனைக்கு மீயொலி (அல்ட்ராசவுண்ட்).

அதனால்தான் நாசா செய்த அந்த முழு அளவுக் கூட்டின் சோதனையில் எனக்கு மிகவும் பிடித்தது ஒரு கட்டம். நன்றாக இருந்த சுவரை வேண்டுமென்றே அடித்துச் சேதப்படுத்தினார்கள். பிறகு மறுபடியும் சுமை ஏற்றினார்கள். அந்தக் கூடு விண்வெளிக்குப் போகவில்லை. மனிதர்களை ஏற்றிச்செல்ல நாசா கட்டிய ஓரியன் கலத்தின் அழுத்தக் கூடு அலுமினிய-லித்தியக் கலவையில்தான் செய்யப்பட்டது. ஆனால் அடிபட்ட காம்போசிட் சுவர் எப்படி நடந்துகொள்ளும் என்பதற்கு இப்போது அளவுகள் கையில் இருக்கின்றன.