ஆட்டிசம்: சொல் வந்த வழியும், வயதுவந்தபின் அறிந்தவர் செய்ய வேண்டியதும்

முப்பது, நாற்பது வயதில் கைக்கு வரும் மருத்துவ அறிக்கையில் ‘ஆட்டிசம் ஸ்பெக்ட்ரம் டிஸ்ஆர்டர், லெவல் 1’ என்று இருக்கும். “அப்படின்னா என்ன?” என்று அம்மா கேட்கும்போது தமிழில் எந்தச் சொல்லைச் சொல்வது? தவறான சொல் வீட்டில் குழப்பத்தை உண்டாக்கும். அரசு அலுவலகத்தில் தவறான கட்டத்தில் டிக் அடிக்க வைக்கும்.

கிரேக்கத்தில் ‘ஆட்டோஸ்’ என்றால் ‘தான்’. சுவிட்சர்லாந்து மனநல மருத்துவர் ஆய்கன் பிளாய்லர் 1910-ஐ ஒட்டி இதிலிருந்து ‘ஆட்டிஸ்முஸ்’ என்ற சொல்லை ஆக்கினார். ஸ்கிசோஃப்ரினியா (மனச்சிதைவு) உள்ளவர்கள் வெளியுலகை விட்டு விலகித் தமக்குள் ஒடுங்குவதையே அவர் அப்படிக் குறித்தார். அமெரிக்காவில் மனநல மருத்துவர் லியோ கானர் 1943-ல் 11 குழந்தைகளைப் பற்றி எழுதியபோதும், வியன்னாவில் மருத்துவர் ஹான்ஸ் ஆஸ்பெர்கர் 1944-ல் எழுதியபோதும் அதே சொல்லை எடுத்துக்கொண்டார்கள். வேறொரு நிலைக்குப் பிறந்த சொல், பிறவியிலேயே அமையும் மூளை வளர்ச்சி வேறுபாட்டுக்குப் பெயராகிவிட்டது. ‘ஆஸ்பெர்கர்’ என்ற தனிப்பிரிவை அமெரிக்க மனநலக் கையேடு 2013-ல் நீக்கி, எல்லாவற்றையும் ஸ்பெக்ட்ரத்துக்குள் சேர்த்தது.

தமிழில் அரசு வழக்கு ‘புற உலகச் சிந்தனையற்ற மதியிறுக்கம்’. இதன் முதல் பாதி பிளாய்லரின் பழைய பொருளை அப்படியே சுமக்கிறது. ட்யூப்லைட்டின் மெல்லிய ரீங்காரம்கூடத் தாங்காமல் பக்கத்து அறைக்குப் போகிறவரைப் புற உலகச் சிந்தனையற்றவர் என்பது எப்படிப் பொருந்தும்? அவருக்குப் புற உலகம் அளவுக்கு மீறி உள்ளே வருகிறது. ‘மதி’யோ அறிவைக் குறிப்பதால், கேட்பவர் மனவளர்ச்சிக் குறைவு என்றே எடுத்துக்கொள்கிறார். எங்கள் பரிந்துரை, தமிழ் எழுத்தில் ‘ஆட்டிசம்’ என்றே எழுதுவது, இலங்கையில் ‘ஓட்டிசம்’. ‘மதியிறுக்கம்’ படிவத்தில் வரும் என்பதால் அதைத் தெரிந்துவைத்திருங்கள். ஆளைக் குறிக்க ‘ஆட்டிசம் உள்ளவர்’ போதும், ‘பாதிக்கப்பட்டவர்’ வேண்டாம். ‘நோயறிதல்’ என்பதைவிடக் ‘கண்டறிதல்’ சரி.

ஸ்பெக்ட்ரத்துக்கு ‘நிறமாலை’ நல்ல சொல். லேசானது முதல் கடுமையானது வரை நீளும் ஒற்றைக் கோடு அல்ல அது. சரளமாகப் பேசுகிறவருக்கே மிக்ஸி சத்தம் தாங்க முடியாத வலியாக இருக்கலாம். ‘லெவல்’ அறிவின் அளவும் அல்ல. எவ்வளவு ஆதரவு தேவை என்பதன் அளவு. 1 என்றாலும் ஆதரவு தேவைதான்.

அடுத்து, காகிதங்கள். அறிக்கையில் எந்தச் சோதனைகள் செய்யப்பட்டன, குழந்தைப் பருவத் தகவலை யார் சொன்னார்கள் என்பதெல்லாம் எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் கேட்டு வாங்குங்கள். ஆட்டிசத்தின் அடிப்படைக்கு மருந்து கிடையாது. ஆனால் கூடவே வரும் பதற்றம், மனச்சோர்வு, தூக்கமின்மை, கவனக்குறைவு ஆகியவற்றுக்குச் சிகிச்சை உண்டு. அவற்றைத் தனித்தனியாகக் கேளுங்கள். மனம் மிகவும் தளர்ந்திருந்தால் அரசின் மனநல உதவி எண்ணான டெலிமானஸ் 14416-ல் தமிழிலேயே பேசலாம்.

எல்லோருக்கும் சான்றிதழ் தேவையில்லை. உங்களைப் புரிந்துகொள்ளவும் கவுன்சலிங்குக்கும் அறிக்கையே போதும். வேலை இடஒதுக்கீடு, வருமான வரிக் கழிவு, ஆண்டுக்கு ரூ.1 லட்சம் வரை தரும் நிராமயா மருத்துவக் காப்பீடு ஆகியவற்றுக்கு மாற்றுத்திறனாளி சான்றிதழ் வேண்டும். அதற்கு ஸ்வாவ்லம்பன் இணையதளத்தில் தனித்துவ அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்க வேண்டும். இங்கேதான் சொல் மீண்டும் காலை வாருகிறது. 1995-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் ஆட்டிசமே இல்லை. 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 21 வகைகளில் ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, மனநோய் மூன்றும் வேறுவேறு. பழைய பழக்கத்தில் யாராவது இரண்டாவதிலோ மூன்றாவதிலோ பதிந்துவிட்டால் பிறகு திருத்த அலைய வேண்டிவரும். சமர்ப்பிக்கும் முன் அந்த வரியைத் திரும்பப் படியுங்கள்.

சான்றிதழுக்காக மருத்துவமனையில் ஆட்டிசத்தை அளக்கும் இந்திய அளவுகோலான ‘ஐசா’வில் (ISAA) 40 கேள்விகள் இருக்கின்றன, ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். மொத்தம் 70-க்குக் கீழே போனால் ஆட்டிசம் இல்லை என்று கணக்கு. இருபது வருடம் கண்ணைப் பார்த்துப் பேசப் பழகிக்கொண்டவர், அன்றும் பழக்கத்தில் அப்படியே பேசி, உண்மையைவிடக் குறைந்த மதிப்பெண் வாங்கிவிடுகிறார். அதனால் உங்கள் சிறுவயதை அறிந்த அம்மாவையோ அக்காவையோ கூட்டிக்கொண்டு போங்கள். பள்ளி ரிப்போர்ட் கார்டில் ‘யாருடனும் சேர்வதில்லை’ என்று டீச்சர் எழுதியிருந்தால் அதையும் கொண்டுபோங்கள். “சமாளித்துக்கொள்வேன்” என்பதோடு நிறுத்தாதீர்கள். ஒரு கல்யாண வீட்டுக்குப் போய்வந்தபின் எத்தனை மணி நேரம் இருட்டறையில் படுத்திருக்கிறீர்கள் என்பதையும் சொல்லுங்கள். பெரும்பாலான சலுகைகளுக்குச் சான்றிதழில் குறைபாட்டின் அளவு குறைந்தது 40 சதவீதம் என்று இருக்க வேண்டும். முடிவு தவறென்று தோன்றினால் மேல்முறையீட்டுக்குச் சட்டத்தில் இடமுண்டு. சென்னை முட்டுக்காட்டில் உள்ள பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனமான நிப்மெட்டிலும் (NIEPMD), மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்திலும் வழி கேட்கலாம்.

வேலையிடத்தில் சட்டம் தரும் சொல் ‘நியாயமான வசதியளிப்பு’, அதாவது உங்கள் தேவைக்கேற்ப வேலைச் சூழலை மாற்றித் தருவது. தனியார் நிறுவனமும் சமவாய்ப்புக் கொள்கை வைத்திருக்க வேண்டும், எச்.ஆரிடம் அதைக் கேட்டு வாங்குங்கள். அதற்கு முன் இரண்டு வாரம் ஒரு நோட்டில் எழுதுங்கள்: எந்த நேரம், எந்தச் சத்தம் அல்லது வெளிச்சம், அதன்பின் என்ன ஆனது. “எனக்குக் கஷ்டமாக இருக்கிறது” என்பதைவிட, “வாய்மொழியாகச் சொல்லும் வேலையை மெயிலிலும் அனுப்புங்கள், வழிப்பாதை ஓர இருக்கையை மாற்றுங்கள்” என்று கேட்டால் கிடைக்கும்.

அம்மாவின் கேள்விக்கு: “பிறந்ததிலிருந்தே என் மூளை சத்தத்தையும் பேச்சையும் வேற மாதிரி வாங்கிக்குதும்மா. நீங்க வளர்த்ததுல தப்பு எதுவும் இல்ல.”